தேங்காய் எண்ணெய் கொழுப்பை எரிக்குமா? எண்ணெய் வகையும் உடலின் சக்திச் செலவும்

கேள்வி இது: "தேங்காய் எண்ணெயில் எம்சிடி இருக்கிறது, அது உடம்பில் சேராமல் நேரே எரிந்துவிடும், வளர்சிதை மாற்றத்தையும் கூட்டும் என்கிறார்கள். சமையலை முழுக்கத் தேங்காய் எண்ணெய்க்கு மாற்றினால் எடை குறையுமா? எந்த எண்ணெய் சாப்பிட்டால் உடல் அதிகம் சக்தி செலவழிக்கும்?"

எம்சிடி என்பது நடுத்தர நீளச் சங்கிலி கொண்ட கொழுப்பு (medium-chain triglyceride). அதைப் பற்றிச் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதைத் தூக்கித் தேங்காய் எண்ணெய் மேல் ஒட்டுவதுதான் பிசகு. எம்சிடியின் உண்மையான பலனும்கூட, தோசைக்கல்லைச் சுற்றி விடும் எண்ணெயின் அளவுக்குள் அடங்கிப்போகிற ஒன்று. எப்படி என்று பார்ப்போம்.

நாம் சாப்பிடும் எண்ணெய், நெய் எல்லாமே பெரும்பாலும் டிரைகிளிசரைடு. ஒரு கிளிசரால் முதுகெலும்பு, அதில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலங்கள். எண்ணெய்க்கு எண்ணெய் மாறுவது இந்த அமிலங்கள்தான். சங்கிலியில் எத்தனை கார்பன், நடுவில் எத்தனை இரட்டைப் பிணைப்பு என்ற இரண்டு விஷயங்களே வித்தியாசம். கடலை எண்ணெயில் 18 கார்பன் உள்ள ஒலீயிக், லினோலீயிக் அமிலங்கள் அதிகம். நல்லெண்ணெயில் இவை இரண்டும் கிட்டத்தட்டச் சரிபாதி. சூரியகாந்தியில் லினோலீயிக் ஓங்கி நிற்கும். பாமாயிலில் 16 கார்பன் பால்மிட்டிக் ஏறத்தாழ 44 சதவீதம். தேங்காய் எண்ணெயில் 12 கார்பன் லாரிக் அமிலம் மட்டுமே பாதிக்கு நெருக்கம்.

எம்சிடி என்று கடையில் புட்டியில் விற்பது 8 கார்பன் கேப்ரிலிக், 10 கார்பன் கேப்ரிக் ஆகிய இரண்டும் மட்டும் கலந்த எண்ணெய். தேங்காய் எண்ணெயிலிருந்தோ பனங்கொட்டை எண்ணெயிலிருந்தோ பிரித்து எடுத்து, மறுபடி கிளிசராலோடு சேர்த்துத் தயாரிக்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் இந்த இரண்டும் சேர்ந்து சுமார் 13 சதவீதம்தான். லாரிக் அமிலத்தையும் வேதியியல் புத்தகம் 'நடுத்தரச் சங்கிலி' என்ற பெட்டிக்குள் போடுகிறது. விளம்பரங்களில் "60 சதவீதம் எம்சிடி" என்று வருவது இந்தப் பெட்டியை வைத்துத்தான். ஆனால் குடல் புத்தகத்தைப் படிப்பதில்லை.

நீளமான கொழுப்பு அமிலம் குடல் சுவருக்குள் போனதும் மறுபடி டிரைகிளிசரைடாகக் கட்டப்பட்டு, கைலோமைக்ரான் என்ற புரத உறையிட்ட உருண்டையாகி, நிணநீர்க் குழாய் வழியே மேலேறி, கழுத்துக்குக் கீழே உள்ள பெரிய சிரையில் கொட்டுகிறது. அதாவது கல்லீரலுக்கு முன்பே கொழுப்புத் திசுவும் தசையும் அதைப் பார்த்துவிடுகின்றன. சேமிப்புக் கிடங்கின் வாசல் வழியாகவே பாதை போகிறது. 8, 10 கார்பன் அமிலங்களுக்கு இந்தச் சுற்று இல்லை. அவை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் இறங்கிவிடும். அங்கும் ஒரு சலுகை உண்டு. நீண்ட அமிலம் செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய கார்னிடைன் என்ற கடத்தியின் உதவி வேண்டும். கல்லீரலில் குட்டை அமிலங்கள் பெரும்பாலும் அந்தக் கதவைத் தட்டாமலே உள்ளே போகும். உள்ளே வேகமாக அசிட்டைல் கோஏ என்ற சிறு துண்டுகளாக உடைந்து, அதில் உபரியானது கீட்டோன் என்ற எரிபொருளாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. லாரிக் அமிலத்தின் பெரும்பகுதி நீண்ட அமிலங்களோடு சேர்ந்து நிணநீர் வழியாகத்தான் போகிறது. தேங்காய் எண்ணெய் எம்சிடி எண்ணெய் மாதிரி நடந்துகொள்ளாததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

"லாரிக் வேகமாக எரிகிறது என்று ஆய்வே இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. அமெரிக்காவில் லூயிசியானாவின் பென்னிங்டன் ஆய்வு மையத்தில் ஒவ்வொரு கொழுப்பு அமிலத்திலும் அடையாளக் கார்பனைப் பொருத்திச் சாப்பிடக் கொடுத்து, மூச்சில் அது கரியமில வாயுவாக எவ்வளவு வெளியே வருகிறது என்று 9 மணி நேரம் அளந்தார்கள். 2000-இல் வெளியான முடிவு: லாரிக் 41 சதவீதம், ஆல்ஃபா லினோலெனிக் 27 சதவீதம், கடைசியாக ஸ்டியரிக் 13 சதவீதம். மற்றவை நடுவில். அழகான ஆய்வு, தப்பாகப் படிக்கப்படும் ஆய்வும்கூட. அது சொல்வது எந்த அமிலம் முதலில் அடுப்புக்குப் போகிறது என்பதை மட்டும். அடுப்பு பெரிதாகிறதா என்பதை அல்ல. இன்று உங்களுக்கு 2,000 கலோரி தேவை என்றால் (கிலோகலோரியைத்தான் வழக்கப்படி கலோரி என்று எழுதுகிறேன்), லாரிக் முதலில் எரிந்தால் அதற்குப் பதில் வேறொரு கொழுப்பு எரியாமல் தங்கும். வரிசை மாறியது, மொத்தம் மாறவில்லை.

மொத்தம் மாறுகிறதா என்று தெரிய, மனிதரை அறைக்குள் வைத்து அளக்க வேண்டும். உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கரியமில வாயுவையும் 24 மணி நேரமும் கணக்கெடுக்கும் அறைகள் இருக்கின்றன. கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பது சுவாரசியம். குளுக்கோஸ் ஒரு மூலக்கூறு எரிய 6 ஆக்சிஜன் வேண்டும், 6 கரியமில வாயு வரும். விகிதம் 1. பால்மிட்டிக் அமிலம் எரிய 23 ஆக்சிஜன், வருவது 16. விகிதம் 0.70. ஆகவே மூச்சின் விகிதத்தைப் பார்த்தே உடல் இப்போது சோற்றை எரிக்கிறதா, கொழுப்பை எரிக்கிறதா என்று சொல்லலாம். (கேப்ரிலிக்குக்கு 11 ஆக்சிஜன், 8 கரியமில வாயு. விகிதம் 0.73.)

அப்படி ஒரு அறையில் இளம் ஆண்களுக்கு வழக்கமான கொழுப்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, நாளுக்கு 15 முதல் 30 கிராம் வரை எம்சிடி கொடுத்த 1996-ஆம் ஆண்டு ஆய்வில் 24 மணி நேரச் செலவு சுமார் 5 சதவீதம் கூடியது. 2,400 கலோரி செலவழிப்பவருக்கு இது 120 கலோரி. சுத்த எம்சிடியில், கட்டுப்பாடான அறையில், ஒரு நாளில் கிடைத்தது. இதை எம்சிடி ஆதரவாளர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 1999-இல் மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களிடம் செய்த ஆய்வைக் காட்டுகிறவர் குறைவு. அதில் 7-ஆம் நாள் தெரிந்த கூடுதல் செலவு, 14-ஆம் நாளில் தேய்ந்துபோயிருந்தது. உடல் பழகிக்கொள்கிறது.

எடைக் கணக்கும் அதைத்தான் காட்டுகிறது. நீண்ட சங்கிலிக் கொழுப்புக்குப் பதிலாக எம்சிடி கொடுத்த பல சோதனைகளைத் தொகுத்து 2015-இல் வெளியான பகுப்பாய்வில் கூடுதல் எடைக் குறைவு சராசரியாக 0.51 கிலோ. சோதனைகளின் காலம் சராசரியாகப் பத்து வாரம். ஒரு கிலோ உடல் கொழுப்பை 7,700 கலோரி என்று வைத்து வகுத்துப் பாருங்கள்: 0.51 கிலோவுக்கு 3,900 சொச்சம், 70 நாளில், நாளுக்கு 56 கலோரி. தோராயக் கணக்குதான், ஆனாலும் அளவு பிடிபடும். அதிலும் ஒரு பங்கு, எம்சிடி கிராமுக்கு 9 அல்ல, 8.3 கலோரி என்பதாலேயே வந்துவிடும்.

இப்போது அடுப்படிக்கு வாருங்கள். ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லி, 4.5 கிராம், 40 கலோரி. தோசையைச் சுற்றி ஒரு தேக்கரண்டி விட்டால், மூன்று தோசைக்கு 120 கலோரி. அந்த அறையில் கிடைத்த அதிகபட்சப் பலனும் 120. அதாவது நான்-ஸ்டிக் கல்லில் துணியால் எண்ணெய் தேய்த்து வார்க்கிறவர், எம்சிடி வாங்காமலே அந்தப் பலனை அடைந்துவிட்டார். அது 14-ஆம் நாள் தேயவும் தேயாது.

தேங்காய் எண்ணெயில் அதே பலன் வேண்டுமென்றால்? 15 கிராம் கேப்ரிலிக்கும் கேப்ரிக்கும் கிடைக்க 13 சதவீதத்தால் வகுத்தால் 115 கிராம் எண்ணெய். ஆயிரம் கலோரிக்கு மேல். நூறைச் சம்பாதிக்க ஆயிரத்தைச் செலவழிக்கும் வியாபாரம் இது.

இன்னொரு கோணமும் உண்டு. எண்ணெயை நாம் தனியாகக் குடிப்பதில்லை. சோறு, தோசை, பூரியோடு போகிறது. மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறும். இன்சுலின் ஏறினால் செல்லுக்குள் மலோனைல் கோஏ என்ற பொருள் கூடும். அது முன்பு சொன்ன கார்னிடைன் கதவை அடைத்துவிடும். விளைவு, அடுத்த சில மணி நேரம் உடல் குளுக்கோஸை எரிக்கும், அதே சாப்பாட்டில் வந்த எண்ணெய் கிடங்குக்குப் போகும். மாவுச்சத்தைக் கூடுதலாகச் சாப்பிட்டால் அதன் எரிப்பும் உடனே கூடுகிறது. கொழுப்புக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதிகம் சாப்பிட்டால் அதிகம் எரிப்போம் என்று உடல் சட்டென்று முடிவெடுப்பதில்லை.

செரிக்கவும் சேமிக்கவும் ஆகும் கூலியிலும் கொழுப்புதான் மலிவு. புரதம் சாப்பிட்டால் அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செரிமானக் கூலியாகவே போய்விடும். மாவுச்சத்துக்கு 5 முதல் 10. கொழுப்புக்கு 0 முதல் 3. எண்ணெய்க்கு எண்ணெய் உள்ள வேறுபாடு இந்த மூன்று சதவீதத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது. எண்ணெயை மாற்றி யோசிக்கிற நேரத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோ முட்டையோ சேர்ப்பது செலவுக் கணக்கில் அதிகம் பேசும்.

இரட்டைப் பிணைப்பு இல்லாத நிறைவுற்ற கொழுப்பு, அது உள்ள நிறைவுறாக் கொழுப்பு என்ற பிரிவு எரிப்பில் என்ன செய்கிறது? மூலக்கூறு அளவில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 18 கார்பன் ஸ்டியரிக் முழுதாக எரிந்தால் நிகரமாக 120 ஏடிபி (செல் சக்தியைச் செலவழிக்கப் பயன்படுத்தும் மூலக்கூறு). அதே 18 கார்பன், ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு உள்ள ஒலீயிக் தருவது 118.5. ஒரு பிணைப்புக்கு ஒன்றரை ஏடிபி நஷ்டம். இதை வைத்து யாரும் இளைக்கப்போவதில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பால்மிட்டிக் நிறைந்த உணவையும் ஒலீயிக் நிறைந்த உணவையும் ஒப்பிட்ட சிறிய ஆய்வுகளில், ஒலீயிக் பக்கம் ஓய்வுநிலைச் செலவும் தன்னிச்சையான நடமாட்டமும் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன. கவனிக்க வேண்டியவைதான். ஆனால் சில பேரை வைத்துச் செய்தவை, அதை நம்பிக் கடலை எண்ணெயைத் தாராளமாக ஊற்ற முடியாது.

வகை உண்மையாகவே வித்தியாசம் காட்டுவது எவ்வளவு எரிகிறது என்பதில் அல்ல, மிஞ்சியது எங்கே போய் உட்காருகிறது என்பதில். இதற்கு எனக்குப் பிடித்த சான்று சுவீடனின் உப்சாலாவில் நடந்தது, 2014-இல் வெளியானது. சாதாரண எடையுள்ள 39 இளைஞர்கள், இளம்பெண்கள். வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினமும் மஃபின் சாப்பிடச் சொன்னார்கள். ஒரு குழுவின் மஃபினில் பாமாயில், மற்றதில் சூரியகாந்தி எண்ணெய். மாவு, சர்க்கரை எல்லாம் ஒன்றே. ஏழு வாரம். இரண்டு குழுவுக்கும் ஏறிய எடை ஒன்றுதான், 1.6 கிலோ. எண்ணெய் வகை எடையை மாற்றவில்லை. ஆனால் ஸ்கேனில் பார்த்தபோது பாமாயில் குழுவுக்குக் கல்லீரலிலும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியும் கொழுப்பு தெளிவாகக் கூடியிருந்தது. சூரியகாந்திக் குழுவுக்கு ஏறிய எடையில் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற பங்கு அதிகம். தராசு ஒரே பதிலைச் சொன்ன இடத்தில் கல்லீரல் வேறு பதில் சொன்னது. எண்ணெய் மாற்றியும் எடை இறங்கவில்லையே என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு இதில் இன்னும் மோசம். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளுக்கு ஆறு ஆண்டு, கலோரி அளவை ஒன்றாக வைத்துக் கொடுத்த சோதனையில் டிரான்ஸ் கொழுப்புத் தின்றவற்றின் எடை 7.2 சதவீதம் ஏறியது, ஒலீயிக் குழுவுக்கு 1.8 சதவீதம். ஏறியதில் பெரும்பங்கு வயிற்றில். இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெயிலும் கொழுப்பிலும் டிரான்ஸ் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பொட்டலத்தில் 'ஹைட்ரஜன் ஏற்றிய' என்ற சொல் கண்ணில் பட்டால் கீழே வைத்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய்க்கு எதிராக ஒரு கணக்கும் உண்டு. 16 சோதனைகளைத் தொகுத்து 2020-இல் வந்த பகுப்பாய்வில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் (பாமாயில் வகைகளைச் சேர்க்காமல்) தேங்காய் எண்ணெய் 'கெட்ட' கொலஸ்டிரால் எனப்படும் எல்டிஎல்லை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டியது. எடைக்கும் இடுப்பளவுக்கும் லாபம் எதுவும் தெரியவில்லை. நாகர்கோவில் பக்கம் பரம்பரையாக அதில்தான் சமைக்கிறோம் என்றால் அளவாகத் தொடரலாம், அவியலுக்கு வேறு எண்ணெய் விட்டால் அது அவியலும் இல்லை. இளைக்கும் என்று நம்பிப் புதிதாக மாறுவதற்கு மட்டும் காரணம் கிடையாது.

எண்ணெயை வைத்து வித்தை காட்டும் முயற்சி புதிதல்ல. ஜப்பானில் மூன்றுக்குப் பதில் இரண்டு கொழுப்பு அமிலம் மட்டும் கோத்த டைகிளிசரைடு சமையல் எண்ணெய் 1999-இல் வந்தது, உடலில் சேராது என்று நன்றாக விற்றது. தயாரிப்பில் உருவாகும் கிளிசிடில் எஸ்டர்கள் என்ற, புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள பொருள்கள் பற்றிய கவலையால் 2009-இல் விற்பனை நின்றது.

கொழுப்பின் கலோரியை நிஜமாகக் குறைக்கும் ஒரு வழி உண்டு, அது எண்ணெயே அல்ல. முழுப் பாதாம் ஒரு கைப்பிடி, 28 கிராம், அட்டவணைப்படி 170 கலோரி. சாப்பிட்டவர்களின் கழிவை அளந்து பார்த்ததில் உடலுக்குச் சேர்ந்தது 129 மட்டும். மென்ற துண்டுகளுக்குள் செல் சுவர் உடையாமல் கொழுப்பைப் பூட்டி வைத்திருக்கிறது, அது அப்படியே வெளியேறிவிடுகிறது. வேர்க்கடலையும் இதே கதைதான். முழுதாகத் தின்றால் கொஞ்சம் தப்பும், அரைத்து வெண்ணெயாக்கினால் குறைவாகத் தப்பும், செக்கில் ஆட்டி எண்ணெயாக்கினால் ஏறத்தாழ முழுதும் உடம்பில் சேரும்.

செய்யவேண்டிய வேலை எளிது. முதலில் வீட்டின் உண்மையான எண்ணெய் அளவைக் கண்டுபிடியுங்கள். யாரைக் கேட்டாலும் "ரொம்பக் கம்மியாத்தான் ஊத்துவேன்" என்பார்கள். திங்கள் காலை எல்லா எண்ணெய்ப் பாத்திரத்தையும், நெய்யையும் சமையல் தராசில் நிறுத்துக் குறியுங்கள். அடுத்த திங்கள் மறுபடி நிறுத்து, முதல் எடையிலிருந்து கழியுங்கள். இடையில் வாங்கியதைக் கூட்டி, பொரித்து மிச்சமானதைக் கழியுங்கள். வருவதை ஏழாலும் ஆட்களின் எண்ணிக்கையாலும் வகுங்கள். மாதம் நான்கு பேருக்கு நாலு லிட்டர் என்றால்: லிட்டர் பொட்டலத்தில் 910 கிராம், ஆளுக்கு மாதம் ஒரு லிட்டர், நாளுக்கு 30 கிராம், 270 கலோரி. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. வெளியே தின்ற வடை, மிக்சர் இதில் இன்னும் சேரவில்லை. அளவைச் சரிசெய்த பிறகு வகை: கடலை, நல்லெண்ணெய், சூரியகாந்தி என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதும், பாமாயில், வனஸ்பதியைக் குறைப்பதும் போதும்.

இத்தனைக்குப் பிறகும் எம்சிடி எடுத்துப் பார்க்க விரும்பினால், இருக்கும் எண்ணெய்க்குப் பதிலாக எடுங்கள், அதற்கு மேலே அல்ல. காலைக் காபியில் இரண்டு மேசைக்கரண்டி கலந்து குடித்துவிட்டு வழக்கமான சாப்பாட்டையும் சாப்பிடுவது நாளுக்கு 230 கலோரியைச் சேர்ப்பது, அவ்வளவுதான். முதலில் 5 மில்லி, வெறும் வயிற்றில் அல்ல, சாப்பாட்டோடு. மூன்று நாலு நாள் கழித்து 10, பிறகு 15. ஒரே வேளையில் அதற்கு மேல் போனால் வயிற்றுப் பிடிப்பும் வயிற்றுப்போக்கும் வரும். குட்டை அமிலங்கள் குடலில் சட்டென்று விடுபட்டு நீரை இழுப்பதால் வருவது அது. தாளிக்க, பொரிக்க உதவாது. மற்ற எண்ணெயோடு சேர்த்துச் சூடாக்கினால் நுரைத்து வழியும், சீக்கிரம் புகையும். ஆறிய கஞ்சியிலோ சட்னியிலோ கலக்கலாம். இதில் லினோலீயிக், லினோலெனிக் என்ற அவசியமான அமிலங்கள் கிடையாது, ஆகவே அதையே ஒரே எண்ணெயாக வைத்துக்கொள்ளவும் முடியாது.

கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்கள், வகை 1 சர்க்கரை நோயாளிகள், டாபாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம், கீட்டோன் கூடுவது அவர்களுக்கு ஆபத்து. நடுத்தரச் சங்கிலி அமிலத்தை உடைக்கும் என்சைம் பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு எம்சிடி கொடுக்கவே கூடாது. நேர்மாறாக, நெஞ்சுக்குள் நிணநீர் கசியும் நோயாளிக்கும், நீண்ட சங்கிலியை உடைக்க முடியாத பிறவிக் கோளாறு உள்ள குழந்தைக்கும் இதே எண்ணெய் மருந்தாகவே கொடுக்கப்படுகிறது. நிணநீர்ப் பாதையையும் கார்னிடைன் கதவையும் தவிர்த்துக்கொண்டு போகும் அந்தக் குணத்துக்காகத்தான்.